உப்புக்கண்டமும் பதப்படுத்தும் உப்பும்

சித்திரை வெயிலில் ஆட்டிறைச்சிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் உலர்த்தும் உப்புக்கண்டத்தை நம்மவருள் பலர் அறிவர். மும்பையின் மழைக்காலத்திலும் தில்லியின் மூடுபனியிலும் வாழ்வோருக்கு அந்த வெயில் வாய்ப்பதில்லை. ஆதலால் மின்னடுப்பைக் கொண்டு அமெரிக்க முறையில் 'ஜெர்க்கி' செய்யச் சிலர் முற்படுகின்றனர். ஆண்டிஸ் மலைநாட்டுக் கெச்சுவா மொழியில் உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் 'சார்க்கி' என்ற சொல்லே ஜெர்க்கி எனத் திரிந்தது. இம்முறைக்கென விற்கப்படும் பதப்படுத்தும் உப்பைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க முறையில் 'முதல் எண்' எனப்படும் இவ்வுப்பில், நூற்றுக்கு 93.75 பங்கு சாதாரண உப்பு, எஞ்சிய 6.25 பங்கு சோடியம் நைட்ரைட். இளஞ்சூட்டில் மெல்ல உலரும் இறைச்சியில் 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்னும் கிருமி வளர்ந்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடும். நைட்ரைட் அக்கிருமியை வளரவொட்டாமல் தடுக்கிறது; இறைச்சியின் செந்நிறத்தையும் காக்கிறது.

ஆயினும் அளவு மிகுந்தால் அந்நைட்ரைட்டே நஞ்சாகிவிடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குலைத்துவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், தலை சுற்றும், மூச்சுத் திணறும், உயிரும் போகலாம். இக்குறிகள் தோன்றினால் கைவைத்தியம் பார்த்திராமல், உப்புப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சமையல் உப்பென்று எவரும் மயங்காதிருக்கவே இதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகின்றனர். ஆனால் நம் வீடுகளில் புழங்கும் இந்துப்பும் அந்நிறத்திலேயே வருகிறதன்றோ? ஒருவர் வைத்ததை மற்றொருவர் எடுத்தாளுவது சமையலறையின் இயல்பு. ஆகையால் இதைப் பெயரெழுதிய தனிப் புட்டியில், அஞ்சறைப் பெட்டிக்கு எட்டாத தொலைவில், பூட்டி வைப்பதே முறை.

இனி அளவு. ஒரு கிலோ இறைச்சிக்கு முதல் எண் உப்பு 2.5 கிராம் போதும். அதிலுள்ள நைட்ரைட் ஏறத்தாழ 156 மில்லிகிராமே. கண்டத்துக்கு உப்பிடும் பழக்கத்தில் 25 கிராம் இட்டால், அது பத்து மடங்காகிவிடும். கைப்பக்குவம் என்பது நம் தாய்மார்களின் பெருமை; இவ்வொரு பொருளில் மட்டும் அதை நம்பலாகாது. பத்தில் ஒரு கிராமையும் காட்டும் சிறு தராசு வேண்டும். சுவைக்கு வேண்டிய சாதாரண உப்பைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். பதப்படுத்தும் உப்பைச் சிறிது நீரில் கரைத்து, எல்லாத் துண்டுகளிலும் சீராகப் பிசறி, ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

பொட்டலத்தைப் படியாமல் அளவிடாதீர்கள். ஐரோப்பியச் சரக்குகளில் நைட்ரைட் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதுண்டு; மேற்சொன்ன கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. 'இரண்டாம் எண்' உப்பு, மாதக்கணக்கில் தொங்கவிடும் பச்சை இறைச்சிப் பண்டங்களுக்குரியது, ஜெர்க்கிக்கு ஆகாது. கலப்பற்ற நைட்ரைட்டையோ வீட்டிற்குள்ளேயே கொண்டுவரலாகாது.

இவ்வுப்பு எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும் என்று எண்ணுவதும் தவறு. வயிற்றுப்போக்கு விளைக்கும் கிருமிகள் சூட்டினாலேயே மடியும். ஆகவே ஆட்டிறைச்சியானால் உட்புறம் 71 டிகிரி சென்டிகிரேடும், கோழியானால் 74 டிகிரியும் எட்டும்வரை முதலில் ஆவியில் வேகவைத்து, பின்னர் ஏறத்தாழ 60 டிகிரியில் உலர்த்துக.

மற்றொன்றும் சொல்லவேண்டும். உப்புக்கண்டத்தை எண்ணெயில் முறுக வறுத்து உண்பது நம் வழக்கம். நைட்ரைட் சேர்ந்த இறைச்சியைக் கடுஞ்சூட்டில் வறுத்தால், புற்றுநோய்க்கு ஏதுவான நைட்ரோசமைன்கள் உண்டாகலாம். ஆதலின் வறுப்பதற்கான கண்டத்துக்கு, நிறையச் சாதாரண உப்பும் நல்ல வெயிலும் என்ற பழைய வழியே தக்கது. ஜெர்க்கியோ அப்படியே மென்று உண்பதற்குரியது. இவ்விரண்டு முறைகளையும் ஒன்றாகக் கலவாதீர்கள்.

ஊர்ச் சுவையை நாடுவது இயல்பே. அச்சுவை குடும்பத்தாருக்குக் கேடின்றி அமைய, தராசு ஒன்று வாங்கிய பிறகே இவ்வுப்பை வாங்குங்கள்.