பதிவேடு இல்லாத அருளடையாளம்



குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கலந்த போட்டியில் விளையாடுபவர் உத்தரகாசியைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்ளி. 2023 பிப்ரவரியில் அவர் கணக்கு ஏழு வெற்றி, தோல்வியே இல்லை. அந்த அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடன் என்பவர் மூன்றாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். பிரீடனோ, யு.எஃப்.சி. மேடையில் அதற்குமுன் தொடர்ந்து மூன்று முறை தோற்றவர். நான்காம் முறையும் மேடையேற விட்டார்கள், வென்றார். 2025 பிப்ரவரியில் சிட்னி நகரில் ஜூப்ளி 19 வினாடிகளில் மறுபடி தோற்றார். இனி எத்தனை வென்றாலும் அந்த இரண்டு தோல்வியும் கணக்கில் நிற்கும். விளையாட்டின் முறை அது.

செட்டியார்பட்டியில் நம் வீடுகளிலும் இப்படித்தான் கணக்கு வைக்கிறோம். மில் சம்பளத்தை ஒருமுறை குடித்தழித்த மகன் ஆறு மாதம் ஒழுங்காக வேலைக்குப் போகிறான். சிறு சண்டை வந்ததும், "உன்னைப் பத்தித் தெரியாதா?" என்கிறோம். அவனுக்கு நான்காம் முறை இல்லை.

பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குக்குப் பதிவேடு உண்டு, திருமணத்துக்கு உண்டு, இறந்தோருக்கும் உண்டு. ஒப்புரவு அருளடையாளத்துக்கு மட்டும் கிடையாது. கடவுள் மன்னித்ததை நாம் எங்கும் எழுதி வைப்பதில்லை.

இந்த வாரம் ஒப்புரவுக்கு வருவோம். வீடு திரும்பியதும், ஒருவர் பெயரில் நாம் வைத்திருக்கும் பழைய கணக்கையும் அடித்துவிடுவோம். ஆமென்.