கதாசிரியனின் கணக்குப் புத்தகம்



கதை எழுதுவோனைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக ஒரு சித்திரம் நிலவி வருகின்றது. அவன் உலகியல் அறியாதவன், காலம் பாராதவன், உள்ளத்திலே ஊற்றெடுக்கும் வேளையில் எழுதுவான், ஊற்று வற்றிய வேளையில் வானத்தைப் பார்த்திருப்பான், கூலி பற்றிப் பேசுதல் அவனுக்கு இழுக்கு. இச்சித்திரம் அழகானதுதான். ஆனால், ஆயுள் முழுவதும் எழுதி, அவ்வெழுத்தினாற் பொருளும் ஈட்டியோரின் சரித்திரத்தை நோக்கினால், அது பெரும்பாலும் பொய்த்துப் போகின்றது. அத்தகையோருள் ஒருவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் என்பாரை, இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகின்றேன். கதை எழுதுதலைத் தொழிலாகக் கொள்வது கலைக்கு மாசு ஆகுமா என்னும் கேள்விக்கு அவர் வாழ்க்கையே விடை.

ட்ரொலப் 1815ஆம் ஆண்டிலே இலண்டனிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், தொட்டதெல்லாம் நட்டமாகிக் கடனாளியாகிப் போனவர். குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் பிரான்சிஸ். ஐம்பது வயதை அடைந்த பின்னரே அந்த அம்மையார் எழுதத் தொடங்கினார். அமெரிக்க மக்களின் வாழ்க்கை முறை பற்றிய அவரது முதல் நூல் 1832இல் வெளிவந்தது. வீட்டிலே கணவரும் பிள்ளைகளும் நோயுற்றுக் கிடந்த காலத்திலும், விடியுமுன் எழுந்து எழுதி, அவ்வருவாயினால் மருந்தும் உணவும் வாங்கினார். எழுத்து என்பது அடுப்பெரிக்கும் தொழில் என்பதை அந்தனி பாடப் புத்தகத்திலே கற்கவில்லை. தாயாரின் மேசையருகே கற்றார்.

1834இல் அவர் இலண்டன் பிரதம தபாற் கந்தோரில் ஓர் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். சம்பளம் ஆண்டுக்குத் 90 பவுண். 1841இல் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றார். அங்கே 1843இல் முதல் நாவலைத் தொடங்கினார். 1847இல் அது வெளிவந்தது. இலாபத்திற் பாதி ஆசிரியருக்கு என்பது ஒப்பந்தம். இலாபம் என்று ஒன்று இருந்தாலன்றோ பாதி கிடைக்கும்! ஒரு காசும் வரவில்லை. தமது எழுத்தினால் உண்மையாகச் சம்பாதித்த முதற் பணம் என்று அவரே குறித்திருப்பது, 1855ஆம் ஆண்டின் இறுதியில், 'த வார்டன்' என்னும் நாவலுக்காகக் கிடைத்த 9 பவுண் 8 சிலிங் 8 பென்ஸ் ஆகும். பேனாவைக் கையிலெடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் கிடைத்த கூலி அது. இடையிலே அவர் எழுத்தை நிறுத்தவில்லை; உத்தியோகத்தையும் விடவில்லை. இவ்விரண்டும் சேர்ந்தே அவரைக் காப்பாற்றின.

உத்தியோகமோ இலேசானதன்று. கிராமங்கள் தோறும் குதிரையிற் சென்று தபால் விநியோகப் பாதைகளை ஆராய வேண்டும். தெருவோரத்திலே தபாற் பெட்டிகளை நாட்டலாம் என்று யோசனை கூறியவரும் அவரே. அதன்படி 1852இல் ஜேர்சித் தீவில் அவை நிறுவப்பட்டன. பிற்காலத்தில் புகையிரதப் பயணமே நாள் முழுவதையும் விழுங்கிற்று. அவர் முழந்தாளின்மீது ஒரு பலகையை வைத்துக்கொண்டு, ஓடும் புகையிரதத்திலே பென்சிலால் எழுதினார். மனைவியார் அதனைப் பிரதி செய்து கொடுத்தார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' என்னும் புகழ்பெற்ற நாவலின் பெரும்பகுதி இவ்வாறு பிறந்ததே. 1858இல் தபால் உடன்படிக்கை ஒன்றிற்காக எகிப்துக்குக் கப்பலேறியபோது, கடற் கொந்தளிப்பிலே மேசையை விட்டு ஓடிச்சென்று வாந்தியெடுத்து, மீண்டும் வந்து அன்றைய பங்கை எழுதி முடித்தார்.

அன்றைய பங்கு என்றேன். அதுதான் அவரது முறையின் உயிர்நாடி. இலண்டனுக்கு அண்மையிலே குடியேறிய பின்னர், நாள்தோறும் அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். கோப்பியுடன் வந்து தம்மை எழுப்புவதற்காகக் குதிரைகளைப் பராமரித்த முதிய பணியாளருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தமது வெற்றிக்காக வேறெவருக்கும் மேலாக அம்மனிதருக்கே கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதி வைத்தார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதை வாசிப்பார். பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். எட்டரை மணிக்கு மேசையை விட்டு எழுந்து, உடைமாற்றிக் காலையுணவுக்குச் செல்வார். எழுதிய பக்கங்களின் தொகையை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டிலே பதிவு செய்வார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். சோம்பிய நாளும் அக்குறிப்பேட்டில் மறையாது; வெறுமையாகக் கிடந்து குற்றஞ் சாட்டும்.

வியாபாரத்திலும் அவர் விழிப்புடையவர். இலாபத்திற் பங்கு என்னும் ஏற்பாட்டிற் பட்ட அனுபவத்தின்பின், முழுத்தொகையாக விலைபேசுவதையே விரும்பினார். 'டொக்டர் தோர்ன்' என்னும் நாவலுக்கு 400 பவுண் தருவதாக இசைந்த பதிப்பாளர் ஒருவர், பின்னர் 300க்கு மேல் இயலாது என்றார். ட்ரொலப் வாதாடவில்லை, வேறொரு பதிப்பாளரிடம் விரைந்து சென்று, கேட்ட 400ஐயும் பெற்றுக்கொண்டார். 1860இல் தாக்கரே ஆசிரியராயிருந்து தொடக்கிய 'கோர்ன்ஹில்' சஞ்சிகை, 'பிராம்லி பார்சனேஜ்' என்னும் தொடர்கதைக்கு 1,000 பவுண் வழங்கியது. அக்காலத்தில் மூன்று தொகுதிகளாக வரும் நாவலின் விலை முப்பத்தொன்றரைச் சிலிங். வாங்குவோர் சிலரே, சந்தா கட்டி நூல் இரவல் வாங்கும் நிலையங்களே பெரும் வாசகர் கூட்டத்தைத் தாங்கி நின்றன. அவற்றுடன் மாதச் சஞ்சிகைகளும் பெருகியமையாலேயே எழுத்தாளனுக்கு விலை ஏறிற்று. சந்தை எப்படி நடக்கின்றது என்பதை அறிந்திருந்தமையால் ட்ரொலப் அதனிடம் ஏமாறவில்லை.

நமது நாட்டுடனும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. 1875இல் அவுஸ்திரேலியா செல்லும் வழியில் அவர் இலங்கைக்கு வந்தார். அப்போது இங்கே தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரெகரி, ஹரோ பாடசாலையில் அவருடன் ஒன்றாகப் படித்தவர். வறுமையினால் அப்பாடசாலையிலே பிறரின் ஏளனத்துக்கு ஆளாகிய சிறுவன், பெயர்பெற்ற நாவலாசிரியராகித் தேசாதிபதியின் விருந்தினராக வந்தார்.

ட்ரொலப் 1882இல் காலமானார். நாற்பத்தேழு நாவல்களை விட்டுச் சென்றார். மறு ஆண்டில் அவரது சுயசரிதம் வெளிவந்தது. மேலே நான் கூறிய கடிகாரமும், குறிப்பேடும், விலைப்பேச்சும் அதிலேதான் உள்ளன. ஒவ்வொரு நூலாலும் பெற்ற தொகையைப் பட்டியலிட்டு, மொத்தம் 68,939 பவுண் 17 சிலிங் 5 பென்ஸ் என்று கூட்டியும் காட்டியிருந்தார். செருப்புத் தைப்பவனின் வேலையோடு தமது வேலையை ஒப்பிட்டார். வாசகர் பலர் முகஞ் சுளித்தனர். இவர் கலைஞரல்லர், சரக்கு உற்பத்தி செய்பவர் என்றனர். அவருடைய புகழ் பல்லாண்டுகள் மங்கிக் கிடந்தது. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய மக்கள் அந்நாவல்களையே மீண்டும் தேடி எடுத்தனர். இன்றும் அவை அச்சில் உள்ளன.

ஏன் அவை நின்று நிலைத்தன? கடிகாரம் அவர் கையைத்தான் அளந்தது, உள்ளத்தை அளக்கவில்லை. நடக்கையிலும் குதிரையேறிச் செல்கையிலும் கதைமாந்தரோடேயே அவர் வாழ்ந்தார். கற்பனையிற் படைத்த பார்செட் மாவட்டத்துக்குப் படமே வரைந்து வைத்திருந்தார். ஒருமுறை கழக மண்டபத்திலே மதகுருமார் இருவர், ட்ரொலப்பின் கதைகளில் பிஷப்பின் மனைவியாகிய திருமதி பிரவுடி ஓயாது வருகின்றாள் என்று குறைகூறியதைக் கேட்டார். தாமே ஆசிரியர் என்று அவர்களிடம் வெளிப்படுத்தி, ஒரு வாரத்துள் அவளைக் கொன்றுவிடுவதாகக் கூறினார். அவ்வாறே 1867இல் நிறைவுற்ற கதையில் அவளை இறக்கச் செய்தார். ஆனால் அச்செயலுக்காகத் தாம் சில வேளைகளில் வருந்தியதுண்டு என்றும் பின்னர் எழுதினார். வெறுஞ் சரக்குக்காக எவரும் துயருறுவதில்லை அன்றோ? நாள் முழுவதும் உள்ளத்திலே விளைந்ததைத்தான் அவர் காலையில் மூன்று மணி நேரம் அறுவடை செய்தார். விளைவு இல்லாதவன் கடிகாரத்தை எதிரே வைத்துப் பயனில்லை. அறுவடைக்கு நேரம் ஒதுக்காதவனின் விளைவும் வயலிலேயே உதிர்ந்து போகும்.

நேயர்களே, இலங்கையிலே தமிழில் எழுதுவோருக்கு 1,000 பவுண் தரும் சஞ்சிகை வாய்க்கவில்லை. நம் எழுத்தாளருட் பெரும்பாலோர் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் தொழிலாளராகவும் வாழ்ந்து எழுதியோர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே சிறுகதைகள் எழுதிய டொமினிக் ஜீவா, 1966இல் 'மல்லிகை' என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே கையிற் சுமந்து வீதி வீதியாக விற்றார். பல தசாப்தங்கள் அதனை நடத்தினார். தொழில் செய்யும் கை எழுதத் தகாதது என்று எண்ணுவோருக்கு அவரே மறுமொழி.

ஆதலின், ட்ரொலப்பிடம் நாம் பெறத்தக்கது அவரது பவுண் கணக்கன்று. அவரது பக்கக் கணக்கே. வேலை முடிந்து களைத்து வரும் ஓர் இளைஞனோ, வீட்டுப் பணிகளுக்கிடையே கதையொன்றை மனத்திற் சுமக்கும் ஒரு பெண்ணோ, ஓய்வு கிட்டிய பின் எழுதலாம் என்று காத்திருந்தால் அந்நாள் வாராமலே போகலாம். ஒரு நாளில் அரைமணி நேரமேனும் தமக்கென ஒதுக்கிக்கொள்ளட்டும். எழுதிய பக்கத்தை ஒரு கொப்பியிலே குறித்து வைக்கட்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்பது ஓர் ஆண்டிலே முந்நூற்றறுபத்தைந்து பக்கம். ஒரு நாவலுக்கு அது போதும். அவ்வாறு உழைத்து எழுதியதைப் பிரசுரிப்போர் உரிய கூலி தருவதும், வாசிப்போர் இரவல் கேளாது விலைகொடுத்து வாங்குவதும் முறையாகும். எழுதுவோனுக்குக் கணக்குப் புத்தகம் உண்டென்றால், அதிலே நம் பெயருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.