இழுக்கும் எடையும் சுமக்கும் எடையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். "அப்பா, டாய் ஹாலர் வாங்கப் போறேன், இழுக்க டீசல் பிக்கப்பும் பார்த்தாச்சு" என்று மகனோ மகளோ போனில் சொன்னால், "எவ்வளவு விலை?" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

டாய் ஹாலர் என்பது இழுவை வண்டி. முன்பாதி வீடு: கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். பின்பாதி கராஜ். பின்சுவரே சாய்தளமாக இறங்கும். மோட்டார் சைக்கிள், மணலில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி என்று ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடு போன்ற இடங்களுக்குக் குடும்பத்தோடு போவார்கள். பெரியவர்களின் பொம்மைகள், அதனால் அந்தப் பெயர்.

பிக்கப் விளம்பரத்தில் "ஏழு டன் இழுக்கும்" என்று இருக்கும். பொய்யில்லை. ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நம் லிஃப்டில் "8 நபர், 544 கிலோ" என்று பலகை இருக்கிறதல்லவா? அதுபோல பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஏற்றிய டிரெய்லர் 4,500 கிலோ, மூக்கு எடை 12 சதவீதம் என்றால் 540 கிலோ. குடும்பத்தில் நான்கு பேர் 280. இணைப்புக் கொக்கி 45. ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கருவிகள் 100. ஆக 965 கிலோ. ஸ்டிக்கரில் 900 என்றிருந்தால்? இழுக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது, சுமக்கும் திறனோ தீர்ந்துவிட்டது.

இதில் டீசலே ஒரு காரணம். முக்கால் டன் வகை பிக்கப்கள் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விடக் கனம். எஞ்சின் கனத்தால் கூடுவது சுமையில் குறையும். "பின்பக்கம் ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள் கடைக்காரர்கள். வண்டி மட்டமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது. எடை மிஞ்சினால் ஒரு டன் வகைக்குப் போவதுதான் வழி.

மூக்கு எடையைக் குறைக்கக் கனத்தைப் பின்னால் தள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. மூக்கு லேசானால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், பிக்கப்பையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். கராஜ் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், வண்டிகளை ஏற்றினால் மூக்கு எடை குறையும், இறக்கினால் கூடும். போகும்போது ஒரு எடை, கராஜ் காலியாக வந்தால் வேறு எடை. இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும்.

ஆட்டம் வந்துவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்த வேண்டும். அதற்கான பிரேக் கன்ட்ரோலர் டாஷ்போர்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக்கும் அவசியம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே கிரேப்வைன் இறக்கம் பல மைல் தொடர்ந்து இறங்கும். அங்கே கால் பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தானாக வேகத்தை அடக்காது. புகைவழியை அடைத்துத்தான் அடக்க வேண்டும்.

டிரெய்லர் டயர்களில் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்ச வேகம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படி 55தான்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டையும் கதவு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூட்டிப் பார்க்க நமக்கு இங்கே நேரம் இருக்கிறது.