மீன் தொட்டியும் கடின நீரும்



வாகட் என்பது மராட்டிய மாநிலத்தில் உள்ள ஊர். புனே நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஊர் ஓரமாக முளா ஆறு ஓடுகிறது. ஆறு இருந்தும் என்ன? தண்ணீர்ப் பாடு பெரும்பாடு. 2019 நவம்பரில் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் போதாத வீடுகளுக்கு ஆழ்குழாய்க் கிணறும் லாரியும்தான் துணை.

அந்தப் பகுதியில் பூமிக்கு அடியில் கரிய எரிமலைப் பாறை இருக்கிறது. பாறையில் ஊறி வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இதுதான் கடின நீர். இதில் சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளையாகக் கறை படியும்.

அங்கே ஒரு பெண் வீட்டில் நியான் டெட்ரா மீன் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குஞ்சு பொரித்தால் விற்கலாம். நாலு காசு கிடைக்கும். மீன் முட்டை இடுகிறது. குஞ்சு மட்டும் வரவில்லை. அந்த மீனின் சொந்த ஊர் அமேசான் ஆற்றுப் பகுதி. அங்கே ஓடுவது மென்மையான நீர். கடின நீரில் அதன் முட்டை சரியாகப் பொரிக்காது.

"ரெசின் வாங்கிப் போடுங்கள்" என்று யாரோ சொல்கிறார்கள். வாங்கலாமா?

ரெசின் என்பது சிறு குருணை. பார்க்க ஜவ்வரிசி போல இருக்கும். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் இப்படிப்பட்ட பொருளை முதலில் செய்தார்கள். குருணையில் சோடியம் ஒட்டி இருக்கும். கடின நீர் பட்டதும் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்தை விட்டுவிடும். அந்தக் காலத்தில் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினார்களே, அதே பண்டமாற்றுதான்.

சோடியம் தீர்ந்தால் குருணை வேலை செய்யாது. அப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, குருணையை அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். உப்பில் உள்ள சோடியம் ஏராளம். அது கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலச வேண்டும். இதைத் தொட்டிக்குள் செய்யக் கூடாது. வாளியில் செய்ய வேண்டும். அந்த உப்பு நீரைச் செடிக்கும் ஊற்றக் கூடாது.

கணக்கையும் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் என்றால், 100 மில்லி குருணை சுமார் 10 லிட்டரைத்தான் மென்மையாக்கும். 50 லிட்டர் தொட்டிக்கு ஐந்து முறை உப்பில் ஊற வைக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்துவிட்டது. தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு குறையவே இல்லை. சோப்பு நுரைக்கும், துணி வெளுக்கும். அமேசான் மீனுக்கு அது போதாது. அதற்கு உப்பே குறைந்த நீர் வேண்டும்.

அப்படிப்பட்ட நீர் வானத்திலிருந்து சும்மா வருகிறது. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். முதல் இரண்டு மூன்று மழையில் கூரை கழுவிப் போகட்டும். பிறகு பிடித்து மூடி வைக்கலாம். மழைநீரை மட்டும் ஊற்றாமல், கொஞ்சம் குழாய்த் தண்ணீரும் கலக்க வேண்டும். மீனுக்கும் சிறிது கால்சியம் தேவை. நீரைத் திடீரென்று மாற்றாமல், பல நாளில் சிறுகச் சிறுக மாற்றினால் மீன் தாங்கும்.

மழைநீர் பிடிக்க வசதி இல்லாதவர்கள் கப்பி, மோலி மீன்களை வளர்க்கலாம். அவை முட்டை இடாமல் குஞ்சே போடும். கடின நீர் அவற்றுக்குப் பிடித்த நீர்.