பாடசாலைக் கூட்டத்தில் பிள்ளைக்காகப் பேசுதல்
(தன்னாமுனையில் பெற்றாருக்கு ஆற்றப்பட்ட உரை, 2007)



வாகரைக்கும் படுவான்கரைக்கும் திரும்பிப் போக நிற்கிறீர்கள். கூரை, கிணறு, வயல் என்று தலைக்குமேல் வேலை இருக்கும். அதற்கிடையில் காது கேளாத, நடக்க இயலாத, மெதுவாக விளங்கிக்கொள்ளும் பிள்ளையின் படிப்பு பின்னுக்குப் போய்விடும். அதனால் இன்று இதைப்பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதிபர் உங்களைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்குச் சரிவராது, வீட்டில வைச்சிருங்கோ" என்று சொல்லக்கூடும். அவரைக் குறைசொல்ல வரவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஆசிரியர் போதாது. ஆனால் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அந்தக் குறையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டாயம் என்ற விதியும் உண்டு. இதைச் சண்டையாக அல்ல, கதிரையில் இருந்து ஆறுதலாகச் சொல்லுங்கள். கதவடியில் நின்று பேசவேண்டாம்.

"பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ சேர்" என்பது மரியாதையான பேச்சு. ஆனால் அதில் ஒன்றும் நடக்காது. செய்யக்கூடிய சிறிய காரியங்களாகக் கேளுங்கள். முன் வாங்கில் இருத்துவீர்களா? கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்வீர்களா? சோதனைக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் கிடைக்குமா? மலசலகூடத்துக்கு யார் கூட்டிப்போவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வெட்கப்படவேண்டாம். பொம்பிளைப் பிள்ளை படிப்பை விடுவதற்கு இதுவே போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்து இரண்டு மூன்று பாடசாலை மாறிய பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதிருக்கலாம். செல் சத்தம் கேட்டுப் பேச்சுக் குறைந்திருக்கலாம். அதற்காக உடனே "மந்தம்" என்று எழுத விடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். எத்தனை மாதம் பாடசாலை இல்லாமல் இருந்தது என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். உண்மையிலேயே விசேட கல்வி அலகு தேவையென்றால் ஒப்புக்கொள்ளுங்கள், அது அவமானமில்லை. ஆனால் சாதாரண வகுப்புக்கு எப்போது, எந்தப் பாடத்துக்கு விடுவார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளையை உங்களைப்போல் அறிந்தவர் அங்கே எவருமில்லை. என்ன செய்யத் தெரியும் என்பதைக் காட்ட, அவர் கீறிய படம், எழுதிய கொப்பி எதையாவது கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்கவேண்டாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அது வரும்வரை பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள்.

கூட்டம் முடியுமுன், பேசி ஒத்துக்கொண்டதைத் திகதியோடு கொப்பியில் எழுதி அதிபருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு தவணை பார்த்தும் நடக்காவிட்டால், வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார், பக்கத்து வீட்டில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளையைக்கொண்டு எழுதுவியுங்கள்.