தாத்தா பெயரில் நிற்கும் மூன்று சென்ட்

(கும்மிடிப்பூண்டியை அடுத்த குடியிருப்பு ஒன்றில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினார். நான் அதைவிடச் சின்ன நிலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மூன்று சென்ட் மனை, அதன் மேல் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்றார். நல்லது, வரவேற்போம். ஆனால் அதே ஆவணத்தில் மாற வேண்டிய பெயர் இன்னொன்றும் இருக்கிறது. பட்டாவை எடுத்துப் பாருங்கள். செத்துப் பதினைந்து வருஷமான அப்பா பெயர் இருக்கும். சில வீட்டில் தாத்தா பெயர் இருக்கும். எங்கள் வீட்டிலும் தாத்தா பெயர்தான். அந்த மூன்று சென்ட்டில் இன்று மூன்று அடுப்பு எரிகிறது. காகிதத்தில் மட்டும் தாத்தா ஒருவரே குடியிருக்கிறார்.

இதைக் குடும்ப விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நம் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டது அந்த அறிக்கை என்று எல்லாருக்கும் தெரியும். அதில் வீட்டு மனை பற்றியும் இருந்தது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. சேரிக் குடிசை நின்ற மண்ணே மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி போதவில்லை என்று சொன்னால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். நாளைக்கு எங்கே படுப்பது என்ற பயம் இருக்கிறவன் இன்றைக்கு எதிர்த்துப் பேச மாட்டான். அடிமைத்தனம் வயலில் மட்டும் இல்லை, வாசலிலும் இருந்தது.

அதனால்தான் வீட்டுமனை பட்டா என்பது நமக்கு வெறும் காகிதம் இல்லை. 1974-ல் தாட்கோ வந்தது. 1978-ல் நமக்கு மனை கொடுப்பதற்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள், அந்த ஆண்டின் 31-ஆவது சட்டம். நிலம் வைத்திருந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் பெரும்பாலும் நின்றது. எங்கள் தாத்தா ஏர் பிடித்தார். அப்பா சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிக்குப் போனார். ஆண்டை வீட்டுக்கு வரமாட்டேன் என்று அப்பாவால் சொல்ல முடிந்ததென்றால், சொந்த மனை இருந்ததால்தான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். சிப்காட் வந்தது, நெடுஞ்சாலை அகலமானது, மனை விலை ஏறியது. வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகை அறை கட்ட இடம் வேண்டும். புரோக்கர் வருகிறார். யாரிடம் வருகிறார்? அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டுக்கு வருகிறார். யார் பெயருக்கும் மாறாத பட்டா என்றால் அவருக்குக் கொண்டாட்டம். ஒரு மகனுக்கு அவசரக் கடன் இருக்கும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து, கையில் கொஞ்சம் பணம், மறுவாரம் சுற்றுச்சுவர்.

அசையாச் சொத்தின் மதிப்பு 100 ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு செய்யாத விற்பனை செல்லாது. ஒப்படை பட்டாவில் நிபந்தனையும் இருக்கும்: இத்தனை ஆண்டு விற்கக் கூடாது, இன்னாருக்கு விற்கக் கூடாது என்று. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். விற்கக் கூடாது என்பதற்கு வாரிசுக்குச் சேராது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பி, "கவர்மெண்ட் பட்டா, பேர் மாத்த முடியாதுப்பா" என்று நம்மைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. என்னையே இரண்டு முறை அப்படி அனுப்பினார்கள். எந்த விதிப்படி முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்று மூன்றாம் முறை கேட்டேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை இருந்தது. முதல் பத்து ஆண்டு கைமாற்றக் கூடாது, பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று. நிலம் போகவில்லையா? அதை மீட்கப் போராடி 1994-ல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நிபந்தனை தானாக நிலத்தைக் காப்பாற்றாது. மனை மூன்று சென்ட் என்பதால் இதற்குப் போராட்டம்கூட நடக்காது, சத்தமில்லாமல் போய்விடும்.

இங்கிலாந்திலும் உள்ளாட்சி கட்டிய வீடுகளில் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டைத் தள்ளுபடி விலையில் அவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று 1980-ல் தாட்சர் அரசு சட்டம் போட்டது. வாங்கிய குடும்பங்கள் மகிழ்ந்தன. அதில் கணிசமான வீடுகள் பிறகு வாடகை முதலாளிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழையின் வீடு சந்தைக்கு வந்தால் எந்தப் பக்கம் உருளும் என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து சொல்வது ஆண்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அம்மா, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அம்மா பெயரில் வந்த வீடு என்றாலும் மகளுக்குச் சம பங்கு. "சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்பது சட்டம் இல்லை. வாரிசுச் சான்றில் தங்கச்சி பெயரை விட்டுவிட்டு வாங்குவது மோசடி.

வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகள் என்றால் இன்னும் மோசம். மேடையில் ஆணவக் கொலையைக் கண்டிக்கிறோம். வீட்டுக்குள் "அவதான் போயிட்டாளே" என்கிறோம். சாதியை விட்டு விலகினாலும் மதம் மாறினாலும் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். (ஆனால் மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைக்கு இந்து உறவினர் சொத்தில் உரிமை இல்லை என்று 1956 சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே கிறித்தவக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.) மகள் வழியாக மனை வேறு சாதிக்குப் போய்விடுமே என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் நம் தெருவில் இதுவரை கைமாறிய மனைகளை எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த வரைக்கும் மகள் வழியாக ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் மகன் போட்ட கையெழுத்தில் போனது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. கூரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீட்டை இடித்துக் கட்டலாம் என்றால், அரசு உதவி வேண்டும். கேட்டுப் போனால் முதல் கேள்வி, "மனை பட்டா யார் பேர்ல இருக்கு?" தாத்தா வந்து கையெழுத்துப் போட முடியுமா?

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் உட்காருகிறோம். பழைய பட்டா, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, இவற்றில் எது இருக்கிறதோ எடுத்து வாருங்கள். பட்டா தொலைந்துபோனவர்களும் வாருங்கள், நகல் கேட்டு மனு எழுதுவோம். இறப்பையே பதிவு செய்யாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், அதிலிருந்தே தொடங்கலாம். கட்டிக் கொடுத்த அக்கா தங்கைகளுக்கு இன்று இரவே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அவர்களும் வர வேண்டும்.