கேள்விக்கு ஓர் இடம்
வேத வாசிப்பில் தனிமையும் கூட்டமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



வேதத்தைத் தனியே வாசிப்பதா, கூடி வாசிப்பதா என்று நம் சபைகளில் கேட்டால், "இரண்டும் வேண்டும்" என்று சட்டெனப் பதில் வரும். சரியான பதில்தான். அதற்குமேல் யோசிக்க விடாத பதிலும்கூட. நான் பேச வந்தது இன்னும் குறுகலான ஒன்றைப் பற்றி. வாசித்த ஒருவர், "எனக்கு இது புரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல நம்மிடம் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்வி பழையது. 1675இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுத்தரன் போதகராயிருந்த பிலிப் யாக்கோப் ஸ்பேனர் ‘பியா தெசிதேரியா’ என்ற நூலை வெளியிட்டார். முதலில் அது ஒரு பிரசங்கத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரை. (முன்னுரைகளை யாரும் படிப்பதில்லை என்பவர்கள் கவனிக்க.) அவருடைய மனக்குறை எளியது. ஆராதனைக்கென்று குறித்துவைத்த பகுதிகளையே போதகர்கள் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறார்கள். மிச்ச வேதத்தைச் சபையார் எப்போது கேட்பது? அதற்கு மூன்று வழி சொன்னார். குடும்பத் தலைவர் வீட்டில் தினமும் வாசிக்கட்டும். ஆலயத்தில் ஆகமங்களை வரிசையாக வாசிக்கட்டும். மூன்றாவதாக, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியபடி, ஒருவரே பேசாமல் பலரும் பேசும் கூட்டங்கள் நடக்கட்டும். அங்கே சந்தேகம் உள்ளவர் அதைச் சொல்லட்டும், போதகரும் உடனிருக்கட்டும் என்றார். 1670 முதலே தம் வீட்டில் அப்படியொரு கூட்டத்தை அவர் நடத்திவந்தார்.

இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதன்று. ஸ்பேனரின் வழியில் வந்தவர் ஹாலே நகரத்துப் பிராங்கே. அந்த ஹாலேயிலிருந்துதான் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்தன, காகிதமோ தட்டுப்பாடு. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துத்தான் அச்சிட்டார்கள். 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வெளிவந்தன. வீட்டு வாசிப்பும் ஆலய வாசிப்பும் நம் மண்ணில் நன்றாகவே வேர் பிடித்தன. ஸ்பேனரின் மூன்றாவது வழி மட்டும் கப்பலிலிருந்து இறங்கவே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எழுத்தறிந்தவர் சிலரே. உபதேசியார் வாசிப்பார், ஊர் கேட்கும், வசனத்தை மனப்பாடம் செய்யும். கேள்வி இல்லாமல் இல்லை. ஞானோபதேசப் புத்தகம் முழுக்கக் கேள்விதான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் அச்சாகியிருந்தது. கேட்பவர் உபதேசியார், ஒப்பிப்பவர் சபையார். எழுத்தறிவு பரவி எத்தனையோ தலைமுறைகள் ஆன பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நிற்கிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் செய்தி கொடுக்கிறார், மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள், காபி வருகிறது.

கத்தோலிக்கச் சகோதரர்களின் அன்பியங்கள் என்ற அக்கம்பக்கக் குழுக்களில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு அங்கே பழக்கத்தில் உண்டு. வாசித்து, மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்லி, மௌனமாயிருந்து, பிறகு எல்லாரும் பகிர்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் விவாதிக்கக் கூடாது என்பது விதி. பேசத் தயங்கும் பெண்களும் அதனால் பேசுகிறார்கள். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஒருவரே பேசுகிறார், அவர்கள் கூட்டத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். கேட்பது இரண்டிலும் அரிது.

தனி வாசிப்பில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், பதில் சொல்வதும் நாமேதான். எத்தியோப்பிய மந்திரியை நினைத்துப்பாருங்கள். ரதத்தில் தனியே உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். வாய்விட்டு வாசித்ததால்தான் பிலிப்புவின் காதில் விழுந்தது. கந்தாகேயின் பொக்கிஷத்துக்கே அதிகாரியானவர், வழியில் வந்த ஒருவரிடம், சொல்லித்தர ஆளில்லாமல் எப்படி விளங்கும் என்று ஒப்புக்கொள்கிறார். படித்தவர்கள் அதிகமுள்ள நம் சபைகளில் கடினமான காரியம் அதுதான். அதற்கு இடமிருந்த ஒரு கூட்டம் எனக்குத் தெரியும். இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையில் நடத்திய வாசிப்புக்கு நானும் போயிருக்கிறேன். எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். எங்களுக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைச் சீட்டுப்போல் எடுக்கிறோம். இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 1728இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் சின்சென்டார்ஃப் பிரபு நாளுக்கொரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாகவே வருகிறது. வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆக, சீட்டு எடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. தொடக்க நாட்களில் அந்த வசனத்தை ஒருவர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்வார். வசனத்தோடு ஒரு மனிதரும் வாசலில் வந்து நிற்பார். நலம் விசாரிப்பார், பேச்சு நடக்கும். நம் அட்டை பர்ஸுக்குள் போகிறது, வாட்ஸ்அப் படமாகிறது.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. நம்மைக் குறித்து ஆண்டவர் வைத்திருப்பது சமாதானத்துக்கான நினைவுகளே என்ற வாக்கு. வேலை, விசா, திருமணம் எல்லாவற்றுக்கும் அதை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் நிற்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மக்கள் எல்லாருக்கும் எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. திண்ணை வாசிப்பில் ஒரு பாட்டி இதைத்தான் கேட்டார்கள்: "எழுபது வருஷம்னா, அந்த வாக்குத்தத்தம் யாருக்குய்யா?" அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் ஒரு வசனம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திராது. அதிகாரம் முழுவதையும் காதால் கேட்டதால் எழுந்தது. அன்று பதில் சொல்லாமலே கலைந்தோம். அந்த வாரம் நான் வீட்டில் தனியே உட்கார்ந்து வாசித்ததைப்போல அந்த அதிகாரத்தை முன்பு வாசித்ததில்லை.

அதன் பின்பகுதியை நாம் பெரும்பாலும் புரட்டிவிடுகிறோம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று சொல்லியிருந்தான். எரேமியாவின் எழுபது யாருக்கு ருசிக்கும்? பாபிலோனில் இருந்த செமாயா கொதித்துப்போய் எருசலேமுக்கு எதிர்க் கடிதங்கள் அனுப்புகிறான்: ஆனதோத் ஊரானாகிய இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை, வீடு கட்டு, தோட்டம் போடு என்று எழுதுகிறானே! கடிதம் ஆசாரியனாகிய செப்பனியாவின் கைக்கு வருகிறது. அவன் அதை மறைக்கவில்லை, கிழிக்கவுமில்லை. எரேமியாவின் காது கேட்க வாசித்தான்.